பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு அடித்தொண்டைச் சத்தம்

1.6 லிட்டர், நாலு சிலிண்டர் பழைய காருக்குக் கனத்த சத்தம் வேணும்னா கைவைக்க வேண்டியது வால்பக்கம் இருக்கற சைலன்சர் டப்பாவான கடைசி மஃப்ளர்லதானுங்க. கிளாஸ் வூல் அடைச்ச நேர்குழாய் வகையில நீளமான, பெரிய டப்பாவா எடுங்க. சின்ன டப்பா கத்தும், பெருசுதான் உறுமும். குழாய் 2 இன்ச், மிஞ்சினா 2.25. அதுக்கு மேல போனா புகையோட வேகம் குறைஞ்சு, கோத்தகிரி மேடு ஏறும்போது கீழ் ஆர்பிஎம்ல (எஞ்சின் நிமிஷத்துக்குச் சுத்தற சுத்து) இழுவை செத்துப்போகும்.

குழாய் நடுவுல ரீங்காரத்தை அடக்கற டப்பாவான ரெசனேட்டரைக் கழட்டவே கழட்டாதீங்க. கழட்டினா 3000 ஆர்பிஎம் பக்கம் காருக்குள்ள 'ம்ம்ம்'னு ஒரு ரீங்காரம் வரும். சேலம் ரோட்டுல ஒரு மணி நேரம் போனா தலைவலிதான். ஏற்கெனவே கழட்டிட்டீங்களா? அந்த ஆர்பிஎம்ல எஞ்சினுக்குள்ள பெட்ரோல் வினாடிக்கு 100 தடவை வெடிக்குது, ரீங்காரம் அதோட அலைதான். அதே அளவுக் குழாயில சுமார் 1.2 மீட்டர் துண்டு வெட்டி, ஒரு முனையை அடைச்சு, பக்கவாட்டுல கிளையா வெல்டு பண்ணினா அந்த அலை பெரும்பாலும் அடங்கிடும். மூடியை முதல்ல டேக் (புள்ளி வெல்டு) மட்டும் வைங்க. ஓட்டிப் பார்த்து நீளத்தைத் திருத்தணும்.

வெல்டிங்குக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவைக் கழட்டிடுங்க. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால சின்ன ஓட்டை இருந்தாலும் வெளிக்காத்து உள்ள போயி, எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியூ பெட்ரோல் கம்மின்னு நினைச்சுக் கூட்டிக் கொட்டும். ஆறின எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, ஜாயிண்ட்ல சோப்புத் தண்ணி தடவி, வால்குழாயைத் துணியால பாதி மூடுங்க, குமிழி காட்டிக்கொடுத்துடும்.

புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைத் தொடாதீங்க. ரோட்டுல அளவு மீறின சத்தத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-படி 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. முழுசா உறும விடறதுன்னா கோயமுத்தூர் செட்டிப்பாளையம் ரேஸ் டிராக்குலயே வெச்சுக்கோங்க.