கறுப்பு செடானைக் கோடு விழாமல் கழுவ

கறுப்பு கார் வாங்காதே என்று சொன்னவர்கள் எல்லாரும் சரியாகத்தான் சொன்னார்கள், ஆனால் வாங்கியாகிவிட்டது, இனி பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வெயிலில் நிற்கும்போது பெயின்ட்டில் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகத் தெரிகிறதே, அந்தக் கோடுகள் பெரும்பாலும் நம் கைவேலைதான். காய்ந்த தூசியைப் பழைய பனியன் துணியால் துடைத்தால், மண் துகள் பெயின்ட்டின் மேலே உள்ள 'கிளியர் கோட்' என்ற நிறமில்லாத பூச்சைக் கீறிவிடும். அதனால் முதலில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை இறக்குங்கள்.

அப்புறம் இரண்டு பக்கெட். ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் நல்ல தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையால் கூரையிலிருந்து கீழே வாருங்கள், ஒவ்வொரு பகுதி முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்புவில் முக்க வேண்டும். சக்கரத்துக்குத் தனித் துணி. பாத்திரம் விளக்கும் சோப்பு வேண்டாம், போட்ட வேக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும்.

போர் தண்ணீர் என்றால் தானாகக் காய விடவே கூடாது, சுண்ணாம்புக் கறை வெள்ளை வெள்ளையாக நின்றுவிடும். நிழலில், காலை 7 மணிக்குள் கழுவி, உடனே ஒற்றியெடுங்கள்.

ஏற்கெனவே விழுந்த கோடுகளுக்கு பாலிஷ்தான் வழி, ஆனால் ஒவ்வொரு பாலிஷும் அந்த கிளியர் கோட் பூச்சைக் கொஞ்சம் தேய்த்து எடுக்கிறது, அடிக்கடி வேண்டாம்.

வெறுத்துப்போய் நிறத்தையே மாற்றப் போகிறீர்களா? ஆர்டிஓவில் அனுமதி வாங்கி ஆர்சியிலும் மாற்ற வேண்டும்.