'மதுரை' என்று மூன்றே எழுத்து: குண்டு செரிஃப் எழுத்துரு வரையப் பழகலாம்

சித்தி மகள் காதணி விழாவுக்கு பத்தடி பேனர் நான்தான் டிசைன் செய்தேன். இருக்கிற எழுத்துருவை எடுத்து, அதே நிறத்தில் தடித்த அவுட்லைன் கொடுத்து குண்டாக்கிவிட்டேன். பிரிண்ட் வந்ததும் ஃப்ளெக்ஸ் கடை அண்ணன் கேட்டார்: "ஏன் தம்பி, சங்கிலிக் கொம்பெல்லாம் அடைச்சுப் போய்க் கெடக்கு?" 'மதுரை'யில் ர-வுக்கு முன்னால் நிற்கும் சங்கிலிக் கொம்பின் (ை) இரண்டு சுழியும் ரெண்டு கறுப்பு உருண்டையாகியிருந்தன. குண்டு எழுத்தை வரையும்போது கறுப்பைவிட உள்ளே இருக்கிற வெள்ளையைத்தான் பார்க்கவேண்டும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

செரிஃப் என்றால் கோட்டின் முனையில் வரும் சின்னப் பாதம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் சுவரொட்டிகளுக்காகவே கொழுத்த செரிஃப் எழுத்துகளை வார்த்தார்கள். 'ஃபேட் ஃபேஸ்' என்று பெயர். நிமிர்ந்த கோடு மகா தடிமன், படுத்த கோடு மயிரிழை. இன்று இலவசமாகக் கிடைக்கும் அப்ரில் ஃபேட்ஃபேஸ் (Abril Fatface) எழுத்துரு அந்தக் குடும்பம்தான். ஆனால் அதில் தமிழ் கிடையாது. அதைத் தேர்ந்தெடுத்துத் தமிழில் தட்டினால் மென்பொருள் சத்தமில்லாமல் வேறு எழுத்துருவைப் போட்டுவிடும். அதனால் நாமே வரைவோம்.

முதலில் கட்டம். கட்டம் போட்ட தாளில் 10 செ.மீ. உயரம் குறியுங்கள். தடித்த கோடு 2.5 செ.மீ., மெல்லிய கோடு 4 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்து ம. இதில்தான் பாதிப் பாடம் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். ம-வில் நிமிர்ந்த கோடு மூன்று. மூன்றும் 2.5 என்றால் 7.5 செ.மீ. போய்விட்டது. எழுத்தை 11 செ.மீ. அகலத்தில் அடக்கினால் மீதி 3.5, அதைத்தான் இடப்பக்கத் திறந்த வெள்ளையும் வலப்பக்க மூடிய வெள்ளையும் பங்கு போட்டுக்கொள்ளவேண்டும். மூச்சு முட்டும். இரண்டு வைத்தியம் உண்டு. அகலத்தை 14 ஆக்குங்கள். நடுக்கோட்டை மட்டும் 2 செ.மீ.க்கு இளைக்க வையுங்கள். நடுக்கோடு இளைத்தது யார் கண்ணுக்கும் தெரியாது, வெள்ளை மட்டும் விரியும். பாதத்தை இடக்கோட்டின் தலையில் வையுங்கள், போதும்.

து. த-வுக்குப் பக்கத்தில் எதையோ ஒட்டினால் து வராது, தனி உருவம். மெய் 18-க்கும் உகரம், ஊகாரம் என்று 36 வடிவங்கள் இப்படித் தனியாக வரையவேண்டும். தமிழ் எழுத்துரு செய்கிறவர்கள் பெருமூச்சு விடுவது இங்கேதான். கீழே இறங்கும் பகுதிக்குக் கூடுதலாக 4 செ.மீ. விடுங்கள்.

ரை. சங்கிலிக் கொம்புக்கு 2.5 செ.மீ. தடிமன் ஆகவே ஆகாது. 1.5 போதும், சுழிக்குள் இருக்கும் ஓட்டை 1 செ.மீ.க்குக் குறையக்கூடாது. ர-வில் ஒரு பொறி இருக்கிறது. அடியில் உள்ள சாய்ந்த வால்தான் அதைத் துணைக்காலிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. ஆசைப்பட்டு அங்கே தட்டையான பாதம் வைத்தால் ர போய் துணைக்கால் ஆகிவிடும். நான் வாலையே தடிமனாக்கி, அதையே பாதமாக வைத்துக்கொள்கிறேன்.

கணினிக்கு. மார்க்கரால் நிரப்பி, ஸ்கேன் செய்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் டிரேஸ் பிட்மேப் கொடுங்கள், படம் திருத்தக்கூடிய கோடுகளாகிவிடும். வளைவில் தேவையில்லாத புள்ளிகளை அழித்தால் கோடு வழவழப்பாகும். தட்டச்சு செய்கிற எழுத்துருவாகவே வேண்டுமென்றால் ஃபான்ட்ஃபோர்ஜ் இருக்கிறது, இலவசம். த-வும் உகரக் குறியும் சேர்ந்தால் து-வைக் காட்டு என்று அதில் ஒரு விதி எழுதவேண்டும். அது இன்னொரு நாளைக்கு.

சோதனை. ஏ4-இல் அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எங்கேயாவது கறுப்புத் திட்டு தெரிந்தால் அங்கே வெள்ளை போதவில்லை.

பயன்படுத்தும்போது. இது தலைப்புக்கு மட்டும். கீழே தேதி, மண்டபம், தாய்மாமன்கள் பட்டியலுக்கெல்லாம் ஹிந்த் மதுரை போன்ற சாதா எழுத்து போதும். வரையப் பொறுமையில்லை என்றால் 'நோட்டோ செரிஃப் தமிழ்' எழுத்துருவில் 'பிளாக்' தடிமன் இருக்கிறது. எழுத்து இடைவெளியைத் தாராளமாகக் கூட்டாதீர்கள். சங்கிலிக் கொம்பு ர-வை விட்டு விலகி அநாதையாக நிற்கும். நிழல், மூன்று அடுக்கு அவுட்லைன் எதுவும் வேண்டாம். மஞ்சளில் சிவப்பு அவுட்லைன் இல்லாத பேனரா என்று நம்மூரில் கேட்பார்கள், கேட்கட்டும்.

கடைக்குக் கொடுக்கும் முன் எழுத்தை கர்வ் ஆக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக மாற்றுங்கள். இங்க்ஸ்கேப்பில் 'ஆப்ஜெக்ட் டு பாத்', கோரல்டிராவில் 'கன்வெர்ட் டு கர்வ்ஸ்'. உங்கள் எழுத்துரு அவர்கள் கணினியில் இருக்காது. மாற்றாமல் கொடுத்தால் 'மதுரை' இருக்கவேண்டிய இடத்தில் வேறு எழுத்துருவோ வெறும் கட்டங்களோதான் வரிசையாக நிற்கும்.