தேர்வு முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம்

ஸ்காட்லாந்தில் பிள்ளை பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்திருந்தால், கல்விக் கட்டணத்துக்கான விண்ணப்பத்தை 'சாஸ்' (SAAS) எனும் ஸ்காட்லாந்து அரசின் மாணவர் நிதியுதவி அமைப்பிடம் ஜூன் 30-க்குள் போட்டுவிடுங்கள். இடம் உறுதியாகியிருக்க வேண்டியதில்லை. போக நினைக்கும் படிப்பைக் குறிப்பிட்டால் போதும், ஆகஸ்டில் முடிவு வந்தபின் மாறினால் இணையக் கணக்கில் திருத்திக்கொள்ளலாம்.

அங்கே பட்டப்படிப்பு இலவசம் என்கிறோமே, அது தானாக நடப்பதில்லை. ஆண்டுக்கு 1,820 பவுண்டை சாஸ் அரசுப் பணத்திலிருந்து கட்டுகிறது. விண்ணப்பிக்காவிட்டால் பில் மாணவர் பெயருக்கே வரும். பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான பொது அமைப்பான யூகாஸில் (UCAS) விண்ணப்பித்தாயிற்றே என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அது இடத்துக்கு, இது பணத்துக்கு. ஜூனுக்குள் போட்டால் வகுப்பு தொடங்கும்போது உதவித்தொகையும் கடனும் கைக்கு வந்துவிடும். அப்புறம், ஒவ்வொரு ஆண்டும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

மாணவர் விசாவில் வருபவர்களுக்கு இது பொருந்தாது. ஸ்காட்லாந்துப் பிள்ளை இங்கிலாந்தில் படிக்கப் போனாலும் சாஸிடம்தான் கேட்க வேண்டும், ஆனால் கட்டணம் கடனாகத்தான் கிடைக்கும்.