சிவராத்திரிக்கு இரண்டு படம், மூன்று தட்டு: பிளாற்றரில் நீண்ட இரட்டைக் காட்சி ஓட்டும் முறை

சிவராத்திரி இரவில் கோணேசர் கோயிலுக்குப் போய் வந்த சனம், விடியும் மட்டும் கண் விழிக்கப் படம் கேட்கும். 35 மி.மீ. பிரதிகளை பிளாற்றரில் (முழுப் படத்தையும் ஒரே சுருளாகக் கிடத்தி ஓட்டும் மூன்று தட்டுக் கருவி) ஏற்றி அடுத்தடுத்து ஓட்டுவதற்கான வழி இது. றீல் ஒட்டவும் புறொஜெக்டரில் படம் கோர்க்கவும் பழகியவர்களுக்கு எழுதுகிறேன். மற்றவர்கள் ஒரு பழைய டிரெய்லரில் கைபழகிவிட்டு வாருங்கள்.

முதலில் கணக்கு

செக்கனுக்கு 24 சட்டம் (பிரேம்) ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி. இரண்டரை மணித்தியாலப் படம் 13,500 அடி, இரண்டு படம் 27,000 அடி. 1.3 மீற்றர் தட்டில் விளிம்பிலிருந்து ஐந்து செ.மீ. விட்டு 60 செ.மீ. ஆரை வரை சுற்றலாம். நடு வளையத்தின் ஆரையை 15 செ.மீ. என்றும் பிலிமின் தடிப்பை 0.14 மி.மீ. என்றும் எடுத்தால், 24,800 அடி அளவில் தட்டு நிறைந்துவிடும். ஆகவே இரண்டையும் ஒன்றாக ஒட்டி ஒரே தட்டில் வைக்கும் ஆசையை விடுங்கள். இரண்டு மணித்தியாலப் படங்கள் இரண்டு என்றால் இடம் போதும்தான், ஆனாலும் நான் ஒட்டமாட்டேன். ஒன்று சிக்கினால் மற்றதும் சேர்ந்து நிற்கும், பாரத்தைத் தூக்கவும் முடியாது.

ஏற்றுதல்

றீலின் முனைகளில் உள்ள வெற்றுப் பிலிமான லீடரை வெட்டி, எந்த றீலின் தலை, எந்த றீலின் வால் என்று எழுதி, படப்பெட்டியோடு வையுங்கள். றீல் தலை வெளியே வந்தால் ஒன்றாம் றீலிலிருந்து வரிசையாகச் சுற்றலாம். வால் வெளியே என்றால் முதலில் திருப்பிச் சுற்ற வேண்டும். இரு சட்டங்களுக்கு இடையிலான சட்டக்கோட்டில் வெட்டி, டேப்பை இரு பக்கமும் ஒட்டுங்கள். பொலியெஸ்டர் பிலிமில் சிமெந்துப் பசை பிடிக்காது. பிலிம் ஒட்டும் கருவியான ஸ்பிளைசர் என்றால் என் வாக்கு இத்தாலியத் தயாரிப்பான சி.ஐ.ஆருக்கு. ஒவ்வொரு ஒட்டின் ஓரத்திலும் வெள்ளைக் கோடு போட்டால் பிரிக்கும்போது தேட வேண்டியதில்லை.

தட்டுச் சுழற்சி: கவனம் இங்கேதான்

பிளாற்றரில் படம் நடுவிலிருந்து உருவி வெளியே போகிறது, இன்னொரு தட்டில் வளையத்தைச் சுற்றி ஏறுகிறது. அதனால் தலை மறுபடி நடுவிலேயே வந்து நிற்கும், திருப்பிச் சுற்றத் தேவையில்லை. முதற்படத்தை 1ஆம் தட்டிலும், இரண்டாவதை 2இலும் ஏற்றி, 3ஐ வெறுமையாக விடுங்கள்.

முதற்காட்சி: முதற்படம் 1இலிருந்து 3க்கு, இரண்டாவது 2இலிருந்து 1க்கு.
இரண்டாங்காட்சி: முதற்படம் 3இலிருந்து 2க்கு, இரண்டாவது 1இலிருந்து 3க்கு.
மூன்றாங்காட்சி: முதற்படம் 2இலிருந்து 1க்கு, இரண்டாவது 3இலிருந்து 2க்கு.

மூன்று காட்சி முடிந்ததும் தொடங்கிய நிலைக்கே வந்துவிடும். இதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். விடியப்புறம் மூன்று மணிக்கு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இதற்கு இரண்டு வளையங்கள் வேண்டும், படம் உருவிப் போகும் வேகத்தைக் கட்டுப்படுத்த நடுவில் செருகும் ‘பிரெயின்’ ஒன்று போதும். தவறு நடப்பது வளையத்தில்தான். இரண்டாம் படத்தின் வளையத்தை முன்கூட்டியே எடுத்து வைக்கக் கூடாது. எடுத்த கணத்திலிருந்து 13,500 அடியும் தன் சுற்றின் இறுக்கத்தில் மட்டுமே நிற்கிறது. முழங்கை பட்டால் உட்சுற்றுகள் பூ மாதிரி உள்ளே சரியும். முதற்படத்தின் வால் போய், பிரெயினைக் கழற்றி, வெறுமையான தட்டு கையில் வந்த பிறகே அந்த வளையத்தை எடுத்து அதில் பொருத்துங்கள். படத்தின் முனையை வளையத்தின் கீறலில் செருகி, கையால் மூன்று நான்கு சுற்று மடிப்பில்லாமல் சுற்றுங்கள். இங்கே ஒரு மடிப்பு இருந்தால் அது அடுத்த காட்சியில் பிரெயினுக்குள் முதல் ஆளாகப் போகும்.

பிரெயினில் சுற்றிக்கொண்டால்

புதிய பொலியெஸ்டர் பிரதியில் நிலைமின் அதிகம். ஒரு சுற்றோடு அடுத்த சுற்றும் ஒட்டிக்கொண்டு மேலெழும்பி உருளைகளைச் சுற்றும். பிலிம் அறாது; வேறு ஏதாவது வளையும். ஆகவே படம் சிக்கினால் புறொஜெக்டரை நிறுத்தும் பெயில்சேஃப் சுவிட்சைக் காட்சிக்கு முன் கையால் தள்ளிப் பாருங்கள், புறொஜெக்டர் நிற்க வேண்டும். கச்சான் என்னும் வறண்ட காற்று அடிக்கும் மாதங்களிலும் ஏசி அறையிலும் இந்தத் தொல்லை கூடும். தட்டுகளைத் தாங்கும் சட்டகத்துக்கு எர்த் சரியாக இருக்கட்டும், பில்ம்கார்ட் என்னும் பிலிம் துடைக்கும் திரவத்தில் நனைத்த துணியின் ஊடாக ஒருமுறை ஓட விடுங்கள். சுற்றிக்கொண்டால் மோட்டரை நிறுத்திப் பின்புறமாகத் தளர்த்திப் பாருங்கள். முடியாவிட்டால் மட்டும் சட்டக்கோட்டில் வெட்டி, இரு முனைக்கும் அம்புக்குறி போடுங்கள்.

பிற்சேர்க்கை

ஒரு படம் ஸ்கோப் (அகலத்திரை), மற்றது ஃபிளாட் (சாதாரண அளவு) என்றால் என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். லென்ஸ், அப்பர்ச்சர் தட்டு இரண்டையும் இடைவேளையில் மாற்றுங்கள். கோர்ப்பதற்கும் சேர்த்து 15 நிமிடம் ஒதுக்குங்கள்.

கரண்ட் போனால்: புறொஜெக்டர் உடனே நிற்கும், பாரமான பிரதி ஏறிய தட்டு நிற்காது. இரண்டு தட்டையும் உள்ளங்கையால் மெல்லப் பிடித்து நிறுத்துங்கள். விளக்கொளியை மறைக்கும் டவுசரை மூடி, மோட்டர் சுவிட்சுகளை ஓஃப் செய்யுங்கள். உருளைகளில் தொங்கும் பிலிமை, படம் ஏறும் தட்டில் கையால் சுற்றி, கைப்பிடியால் புறொஜெக்டரை இரண்டு சட்டம் நகர்த்தி, லூப் (புறொஜெக்டருக்குள் பிலிமுக்கு விடும் தளர்வு வளைவு) இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஜெனரேட்டர்காரருக்குக் குரல் கொடுங்கள்.