ஆஸ்திரேலியாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: 'மேட்' என்றால் என்ன?

சிட்னியிலோ மெல்போர்னிலோ வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே யாராவது உங்களை 'மேட்' என்று கூப்பிட்டிருப்பார்கள். காபிக் கடைக்காரர், பஸ் டிரைவர், குழாய் ரிப்பேருக்கு வந்தவர், ஏன், காரை நிறுத்திய போலீஸ்காரர்கூட. பலர் வாயில் அது 'மைட்' போலக் கேட்பதால் முதலில் பிடிபடாது. அகராதியில் நண்பன் என்று இருக்கும், ஆனால் அப்படிக் கூப்பிட்டவர் எல்லாம் நண்பராகிவிட்டார் என்று நினைக்கவும் வேண்டாம், முன்பின் தெரியாத ஆள் மரியாதையில்லாமல் பேசுகிறாரே என்று கோபப்படவும் வேண்டாம். பெயர் தெரியாதவரிடம் இயல்பாகப் பேச இங்கே வைத்திருக்கும் சொல், அவ்வளவுதான்.

சொல்லைவிடக் குரலைக் கவனியுங்கள். 'தேங்க்ஸ் மேட்', 'நோ வொரீஸ் மேட்' என்று கடைசியில் லேசாக வந்தால் நல்லபடியாகப் பேசுகிறார். ரொம்ப நாள் கழித்துப் பார்த்தவர் 'மேஏஏட்' என்று இழுத்தால் சந்தோஷம். உங்கள் வீட்டில் நடந்த கஷ்டத்தைக் கேட்டுவிட்டுத் தணிந்த குரலில் 'ஓ, மேட்' என்றால் அது ஆறுதல், பல பேர் அதோடு நிறுத்திக்கொள்வார்கள், அக்கறை இல்லை என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் 'லிசன், மேட்', 'லுக், மேட்' என்று அழுத்தமாகப் பேச்சைத் தொடங்கினால் பெரும்பாலும் எச்சரிக்கைதான். நம் ஊரில் 'தம்பி' என்று அன்பாகவும் கூப்பிடுவார்கள், சண்டைக்கு முன்னாலும் கூப்பிடுவார்கள் இல்லையா, அதே மாதிரி. பார்க்கிங் தகராறில் இதைக் கேட்டால் பதிலுக்கு நீங்களும் 'மேட்' போடாமல் அமைதியாக விலகிவிடுவது நல்லது.

வேலையிடத்தில் 'சார்', 'மேடம்' ஒட்டாது, மேனேஜரையே பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவர் உங்களை மேட் என்றால் நீங்களும் சொல்லலாம், இன்டர்வியூவிலும் மின்னஞ்சலிலும் மட்டும் பெயரே போதும். பெண்களும் தங்களுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள், பிடிக்காதவர்களும் உண்டு, அதனால் அறிமுகமில்லாத பெண்ணிடம் நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம்.

இந்தச் சொல்லை அவர்கள் எவ்வளவு பெரிதாக நினைக்கிறார்கள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2005இல் கான்பரா நாடாளுமன்றக் கட்டடத்தின் காவலர்கள் எம்.பி.க்களையும் பார்வையாளர்களையும் மேட் என்று கூப்பிடக் கூடாது என்று உத்தரவு வந்தது, கிளம்பிய எதிர்ப்பில் ஒரே நாளில் அதைத் திரும்பப் பெற்றார்கள். அதற்கு முன்பே 1999இல் பிரதமர் ஜான் ஹோவர்டு, அரசியல் சட்ட முகவுரைக்கான வரைவில் 'மேட்ஷிப்' என்பதைச் சேர்த்திருந்தார். ஆபத்தில் ஒருவருக்கொருவர் கைகொடுப்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள். விமர்சனம் எழுந்து, வாக்கெடுப்புக்குப் போன இறுதி வடிவில் அந்தச் சொல் இல்லாமல் போனது.

அப்புறம் 'மேட்ஸ் ரேட்ஸ்'. தெரிந்தவருக்குக் குறைத்துப் போடும் விலை. அதை வேலை செய்பவராகத்தான் சொல்ல வேண்டும், முதல்முறை பார்க்கும் எலக்ட்ரீஷியனிடம் நாம் கேட்டால் நன்றாக இருக்காது. குறைத்துத் தருகிறார் என்பதற்காக எழுத்து வேலையை விட்டுவிடவும் கூடாது. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 5,000 டாலருக்கு மேற்பட்ட வீட்டுக் கட்டுமான, பழுதுபார்ப்பு வேலைகளுக்கு எழுத்து ஒப்பந்தம் சட்டப்படி கட்டாயம், வேலை செய்பவரிடம் லைசென்ஸும் இருக்க வேண்டும். அவர் எத்தனை தடவை 'மேட்' என்று சொன்னாலும் சரி, லைசென்ஸ் எண்ணைச் சரிபார்த்து, கையெழுத்தான பிறகே முன்பணம் கொடுங்கள்.