விக்டோரியா அருவிக்குப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் எல்லையாக ஓடும் ஜாம்பேசி ஆறு, 1,700 மீட்டர் அகலத்துக்குப் பரந்து வந்து, 100 மீட்டருக்கும் மேல் ஆழமான பிளவுக்குள் விழுகிறது. இதைப் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, டிக்கெட் எப்போது மலிவாகக் கிடைக்கிறதோ அப்போது கிளம்பிவிடுவது. மாதம் மாறினால் அருவியே வேறாகிவிடும்.

மழைக்காலம் நவம்பரில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. ஆனால் வெள்ளம் உச்சத்தைத் தொடுவது ஏப்ரல் வாக்கில்தான். அங்கோலாவிலும் ஜாம்பியாவின் வடமேற்கிலும் பெய்யும் மழைநீர், வழியில் இருக்கும் பெரிய சமவெளிகளை நிரப்பிவிட்டு மெதுவாகத்தான் வந்து சேரும். நிறையத் தண்ணீர் இருந்தால் நன்றாகத் தெரியும் என்று நினைத்து ஏப்ரலில் போனால், நேர் எதிரில் நின்றாலும் பல இடங்களில் வெள்ளைப் புகைதான் தெரியும். சாரல் பல நூறு அடி மேலே போய் மழையாகத் திரும்பி விழும். ஹெலிகாப்டரில் பார்க்கிறவர்களுக்கு அது நல்ல மாதம். நடந்து பார்க்கிறவர்கள் மழைக்கோட்டும், செல்போனுக்கு நீர்புகா உறையும், வழுக்காத செருப்பும் இல்லாமல் உள்ளே போக வேண்டாம்.

அக்டோபர், நவம்பரில் நிலைமை தலைகீழ். ஜாம்பியா பக்கம் பெரும்பாலும் வெறும் கரும்பாறைதான் மிஞ்சும். ஜிம்பாப்வே பக்கம் அப்போதும் தண்ணீர் விழும். அருவியின் பெரும்பகுதியை எதிரிலிருந்து பார்க்கும் வசதியும் அங்கேதான். எந்தப் பக்கம் தங்குவது என்பதை இதை வைத்து முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால் ஜூலை. தண்ணீரும் இருக்கும், காட்சியும் தெரியும், மழைத் தொல்லை இல்லை. விடியற்காலை நன்றாகக் குளிரும் என்பதால் ஸ்வெட்டர் வேண்டும்.

சாகசத்துக்கும் இதே கணக்குதான். அருவியின் விளிம்பில் ஆட்கள் குளிக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அது ஜாம்பியா பக்கம், லிவிங்ஸ்டன் தீவை ஒட்டிய ‘டெவில்ஸ் பூல்’. தண்ணீர் குறைந்த காலத்தில், ஏறத்தாழ ஆகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை, வழிகாட்டியுடன் மட்டுமே போக முடியும். மற்ற நாள்களில் யாராவது தனியாகக் கூட்டிப்போகிறேன் என்று சொன்னால் தயவுசெய்து போகாதீர்கள், உயிருக்கே ஆபத்து. அருவிக்குக் கீழே பட்டோகா பள்ளத்தாக்கில் நடக்கும் ராஃப்டிங்குக்கும் (ரப்பர் படகில் சீறும் ஆற்றில் போவது) ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரைதான் சரியான காலம். படகில் போவதை மட்டும் யோசிக்காதீர்கள், முடிந்தபின் செங்குத்தான பள்ளத்திலிருந்து மேலே ஏறி வர வேண்டியிருக்கும். இரண்டு நாடுகளையும் இணைக்கும், 1905இல் கட்டிய பாலத்திலிருந்து கயிறு கட்டிக்கொண்டு 111 மீட்டர் கீழே குதிக்கும் பஞ்சி ஜம்பிங்கும் உண்டு. இதய நோய், ரத்த அழுத்தம், முதுகுவலி உள்ளவர்கள் அதைத் தொட வேண்டாம். பயணக் காப்பீடு எடுக்கும்போது சாகச விளையாட்டுகளுக்கும் சேர்த்துத்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பல பாலிசிகளில் சேர்ந்திருக்காது.

விசாவிலும் பலர் சறுக்குகிறார்கள். ஒருமுறை மட்டும் நுழையும் விசாவோடு பாலம் தாண்டி அடுத்த நாட்டுக்குள் போய்விட்டால், திரும்பி வர மறுபடி விசா வாங்க வேண்டும். இரண்டு நாட்டுக்கும் சேர்த்து ‘காசா’ என்ற பொது விசா இருக்கிறது, ஆனால் எல்லா நாட்டவருக்கும் கிடையாது. உங்கள் பாஸ்போர்ட்டுக்கு உண்டா என்று கிளம்பும் முன்பே தூதரகத்தில் கேளுங்கள். கையில் சின்ன அமெரிக்க டாலர் நோட்டுகளாக வைத்துக்கொள்வது நல்லது, கிழிந்த நோட்டை வாங்க மறுப்பார்கள்.

அப்புறம் விலங்குகள். பபூன் குரங்குகள் கையில் இருக்கும் சாப்பாட்டைப் பிடுங்கிக்கொண்டு போகும், பையைத் திறந்து வைக்காதீர்கள். ஜிம்பாப்வே பக்கம் இருக்கும் விக்டோரியா ஃபால்ஸ் ஊருக்குள்ளேயே யானைகள் நடமாடும் என்பதால் இருட்டியபின் நடந்து போக வேண்டாம், டாக்சி பிடியுங்கள். ஆற்றங்கரையில் முதலையும் நீர்யானையும் இருக்கும். மலேரியா உள்ள பகுதி இது. மாத்திரையைப் பயணத்துக்கு முன்பே தொடங்க வேண்டும் என்பதால் டாக்டரை முன்கூட்டியே பாருங்கள்.

நிலா வெளிச்சத்தில் தோன்றும் வானவில்லைப் பார்க்க ஆசையா? பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் அருவி இருக்கும் பூங்காவைத் திறந்து வைப்பார்கள், தனிக் கட்டணம் உண்டு. சாரல் இருந்தால்தான் அது தெரியும் என்பதால் ஏப்ரல் முதல் ஜூலை வரையுள்ள பௌர்ணமி ஒன்றைப் பார்த்து விடுதியை பதிவு செய்யுங்கள்.