பயிற்சி நடந்தது, சரி, நிறுவனம் வளர்ந்ததா?

சிறிய டெக் நிறுவனங்களுக்குப் பயிற்சி கொடுத்து, மென்டார் (அனுபவமுள்ள வழிகாட்டி) வைத்துக் கைதூக்கிவிடுகிறோம் என்று தொடங்கும் திட்டங்கள் சிலவற்றில் உள்ளே இருந்திருக்கிறேன். பாடம் எடுப்பவனாக, மென்டாராக, ஒருமுறை கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்கிற நிறுவனக்காரனாகவும். மூன்று பக்கமும் பார்த்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: வகுப்பு நன்றாக நடப்பதற்கும் நிறுவனம் வளர்வதற்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது, பல திட்டங்கள் அதைப் பார்க்காமலேயே நடந்து அதில் விழுகின்றன. எங்கெல்லாம் கால் இடறுகிறது என்று எழுதுகிறேன். இதில் பாதி நானே செய்த தவறுகள்.

எல்லோருக்கும் ஒரே பாடம்

முதல் தவறு ஆள் சேர்க்கிறபோதே நடந்துவிடுகிறது. ஆப் செய்து விற்கிறவர், அடுத்தவருக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறவர், அலுவலகங்களுக்கு நெட்வொர்க் போட்டுப் பராமரிக்கிறவர் எல்லோரும் ‘டெக்’ என்ற ஒரே பெட்டிக்குள் போய்விடுவார்கள். அத்தனை பேரையும் ஓர் அறையில் உட்காரவைத்து, முதலீட்டாளரிடம் பத்து ஸ்லைடில் பேசுவது எப்படி என்று மூன்று நாள் பாடம் நடக்கும். அவர்களில் பலருக்கு முதலீட்டாளரே வேண்டாம். வேலை எடுத்து, முடித்து, பில் போட்டு, வருகிற காசில் சம்பளம் கொடுக்கிற ஐந்தாறு பேர் நிறுவனம் அது. வேலையை வாங்கிக்கொண்டு பணத்தை மாதக்கணக்கில் இழுத்தடிக்கிற கிளையன்ட்தான் அவர்களுடைய தலைவலி, அந்த மூன்று நாளில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

பாடம் எடுக்கிறவர்களுக்குத் தெரிந்த கதை ஸ்டார்ட்அப் கதை என்பதுதான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். 2005-ல் அமெரிக்காவில் ஒய் காம்பினேட்டர் என்ற ஸ்டார்ட்அப் வளர்ப்புத் திட்டம் தொடங்கியபோது சிறு முதலீடு, மூன்று மாதக் காலம், கடைசியில் முதலீட்டாளர்கள் முன்னால் செய்ததைக் காட்டுகிற டெமோ டே என்று ஓர் அச்சு வார்த்தார்கள். பின்னால் வந்த திட்டங்கள் பலவும் அதிலேயே வார்க்கப்பட்டவை. அந்த அச்சுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது: நூறில் ஒன்றிரண்டு மிகப் பெரிதாக வளர்ந்தால் போதும், மற்றவை மூடினாலும் பரவாயில்லை. பங்கு எடுத்துக்கொள்கிறவருக்கு அது சரியான கணக்கு. எட்டுப் பேர் நிறுவனத்தை நிதானமாகப் பதினைந்து பேருக்குக் கொண்டுபோக நினைக்கிறவர் அந்தக் கணக்கில் ‘மற்றவை’யாகத்தான் இருப்பார்.

என் கதையைச் சொல்கிறேன். ஆறு பேர் வைத்து ப்ராஜெக்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம், “எத்தனை நாளைக்கு அடுத்தவருக்கே கோட் எழுதிக் கொடுப்பீர்கள், சொந்தமாக ஒரு ப்ராடக்ட் செய்யுங்கள்” என்றேன். எங்கேயோ கேட்டதை அப்படியே ஒப்பித்தேன் என்பதுதான் உண்மை. கையில் எத்தனை மாதச் சம்பளத்துக்குப் பணம் இருக்கிறது என்று கேட்கவே இல்லை. அவர் என்னை நம்பி, நன்றாக வேலை தெரிந்த இரண்டு பேரை ப்ராடக்ட் பக்கம் திருப்பினார்; பழைய கிளையன்டுகளுக்கு வேலை தாமதமாகி, ஒருவர் விலகி, நான்காவது மாதம் சம்பளத்துக்குக் கடன் வாங்கும் நிலை. அப்புறம் அவர் சமாளித்துக்கொண்டார், அதில் என் பங்கு எதுவும் இல்லை. அதிலிருந்து, கணக்கைப் பார்க்காமல் யோசனை சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன்.

பேச்சை நிறுத்திவிட்டுக் காகிதத்தைப் பாருங்கள்

கணக்கைப் பார்ப்பது என்றால் பெரிய ஆடிட் எல்லாம் வேண்டாம். இன்னொரு நிறுவனம், பில்லிங் சாஃப்ட்வேர் செய்கிறவர்கள், “எங்களுக்கு மார்க்கெட்டிங் பயிற்சி வேண்டும், புதுக் கிளையன்ட் வருவதில்லை” என்று வந்தார்கள். கடைசியாக முடித்த மூன்று வேலைகளின் கொட்டேஷனையும் இன்வாய்ஸையும் கொண்டுவரச் சொன்னேன், கூடவே அந்தக் கிளையன்டுகளோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சையும். மூன்றையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். கொட்டேஷனில் ஐந்து ரிப்போர்ட், கொடுத்தது பதினொன்று. “இதையும் கொஞ்சம் சேர்த்துடுங்க”, “இது சின்ன வேலைதானே” என்று ஆறு தடவை செய்தி வந்திருக்கிறது, ஆறு தடவையும் பதில் “ஓகே சார்”. இன்வாய்ஸ் மட்டும் ஐந்து ரிப்போர்ட்டுக்கே போயிருக்கிறது. ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் என்று கொட்டேஷனின் அடியில் ஒரு வரி இருந்தது. மூன்று வேலையிலும் ஒரு தடவைகூட அதற்கு பில் போடவில்லை.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் உரிமையாளர் தானே ஒரு தாளை எடுத்து, கொடாமல் விட்ட பில்களை ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தார். அவர்களுக்கு அன்று தேவைப்பட்டது மார்க்கெட்டிங் வகுப்பு இல்லை. இருக்கிற கிளையன்டிடம் “இது கொட்டேஷனில் இல்லை, இதற்கு இவ்வளவு ஆகும்” என்று சொல்கிற ஒரு வாக்கியம், அதைச் சொல்ல ஒரு பழக்கம், அவ்வளவுதான். இந்த நிலையில் புதுக் கிளையன்ட் பத்துப் பேர் வந்திருந்தால் நஷ்டம்தான் பத்து மடங்காகியிருக்கும்.

நிறுவனம் ‘எனக்கு இது வேண்டும்’ என்று கேட்பதை அப்படியே எடுத்துக்கொண்டு பாடத்திட்டம் போடுவதும் தவறுதான் என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஜுரம் என்று வருகிறவருக்கு ஜுர மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்புகிற மாதிரி.

இரண்டு நாள் வகுப்பு, ஒரு செர்டிஃபிகேட்

பயிற்சியில் பொதுவாக நடக்கிற தவறு, தகவலைக் கொட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது. ஆப்பிரிக்காவில் டோகோ நாட்டில் 1,500 சிறு தொழில்முனைவோரை மூன்று பிரிவாகப் பிரித்துச் செய்த ஓர் ஆய்வு 2017-ல் சயன்ஸ் இதழில் வந்தது. ஒரு பிரிவுக்குக் கணக்கு, மார்க்கெட்டிங் என்று வழக்கமான வியாபாரப் பயிற்சி. இன்னொரு பிரிவுக்கு, தானாக முன்வந்து செய்வது, முன்கூட்டி யோசிப்பது, தடை வந்தால் விடாமல் நிற்பது என்ற போக்கைப் பழக்கும் பயிற்சி. மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை. இரண்டு ஆண்டுக்கு மேல் கவனித்ததில், இரண்டாவது பயிற்சி பெற்றவர்களின் லாபம் பயிற்சியே பெறாதவர்களைவிட 30 சதவீதம் கூடியிருந்தது. வழக்கமான பயிற்சியில் 11 சதவீதம், அதுவும் தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவுக்கு உறுதியாக இல்லை. அவை சாஃப்ட்வேர் நிறுவனங்கள் இல்லைதான், இருந்தாலும் இது எனக்குப் பொருந்தியே தெரிகிறது. டெக் ஆட்களுக்குத் தகவல் பஞ்சம் கிடையாது. விலை நிர்ணயம் எப்படி என்று தேடினால் ராத்திரிக்குள் நாற்பது வீடியோ பார்த்துவிடுவார்கள். மறுநாள் காலை கிளையன்டுக்கு போன் செய்வதுதான் நடக்காது.

அதனால் வகுப்பைச் சின்னதாக்கி, இடைவெளி விட்டு நடத்துங்கள். ஒன்றரை மணி நேரம் விலை பற்றிப் பேசினால், அடுத்த வகுப்புக்குள் பழைய கிளையன்ட் ஒருவரிடம் புது விலையைச் சொல்லிவிட்டு வர வேண்டும், என்ன பதில் வந்தது என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். சொல்லாதவர்களைத் திட்ட வேண்டியதில்லை. பக்கத்தில் இருப்பவர் செய்துவிட்டு வந்ததைப் பார்த்தாலே அடுத்த வாரம் செய்துவிடுவார்கள்.

இன்னொன்று, உரிமையாளரை மட்டும் கூப்பிடாதீர்கள். அவர் உற்சாகமாகத் திரும்பிப் போய் “இனிமேல் இப்படித்தான்” என்பார், ஆபீஸில் இருக்கிறவர்கள் இரண்டு வாரம் தலையாட்டுவார்கள், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. டெலிவரியைப் பார்த்துக்கொள்கிற இரண்டாம் ஆளையும் கூட்டிவரச் சொல்லுங்கள்.

மென்டார் செய்கிற தவறுகள்

இங்கேதான் நிறைய இருக்கிறது. பெரிய கம்பெனியில் இருபது ஆண்டு இருந்தவரைக் கொண்டுவந்து ஐந்து பேர் நிறுவனத்துக்கு மென்டாராக்குவது ஒன்று. அவருக்கு வேலை தெரியாது என்று சொல்லவில்லை. ஆனால் அவர் ஹெச்.ஆர். துறை, சட்டத் துறை, விற்பனைக் குழு எல்லாம் இருந்த இடத்திலேயே முடிவெடுத்துப் பழகியவர். இங்கே காலையில் விற்பனைக்குப் போன ஆளேதான் சாயந்தரம் பக் சரிசெய்கிறார், சர்வர் விழுந்தால் ராத்திரி எழுந்திருப்பவரும் அவர்தான். அவரிடம் போய் அப்ரைசல் படிவம் தயாரிக்கச் சொன்னால் மரியாதைக்குக் கேட்டுக்கொள்வார், அவ்வளவுதான்.

ஒருவருக்கு ஐந்து மென்டாரைக் கட்டிவிடுவது இன்னொன்று. ஒருவர் விலையை ஏற்று என்பார், ஒருவர் இலவசமாகக் கொடு என்பார், மூன்றாமவர் இந்தச் சந்தையே வேண்டாம் என்பார். 2006-ல் தொடங்கிய டெக்ஸ்டார்ஸ் மாதிரி நிறைய மென்டார்களை வைத்து நடக்கும் திட்டங்களில் இதற்கு ஒரு பெயரே இருக்கிறது, மென்டார் விப்லாஷ். கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெடுக்கென்று திருப்பினால் வருகிற சுளுக்கு. பலர் பேசுவது கெட்டது இல்லை. முடிவு எடுப்பது நிறுவனர்தான் என்பதையும், யார் சொன்னதை ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்று அவர் சங்கடமில்லாமல் சொல்லலாம் என்பதையும் முதல் நாளே பேசிவிட வேண்டும். பேசாவிட்டால் யாருக்கு வயது அதிகமோ அவர் சொன்னதுதான் நடக்கும்.

மூன்றாவது, விடையைக் கையில் கொடுப்பது. வீடுகளைத் தங்குவதற்கு வாடகைக்கு விட உதவும் தளமான ஏர்பிஎன்பி 2009 தொடக்கத்தில் ஒய் காம்பினேட்டரில் இருந்தபோது, அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான பால் கிரஹாம் ஏர்பிஎன்பி நிறுவனர்களிடம் கேட்டது, உங்களைப் பயன்படுத்துகிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று. நியூயார்க்கில் என்றார்கள். அப்புறம் இங்கே என்ன செய்கிறீர்கள், அங்கே போங்கள் என்று அனுப்பிவிட்டார். போய் வீட்டுக்காரர்களைப் பார்த்த பிறகுதான் தளத்தில் இருந்த வீட்டுப் படங்கள் எவ்வளவு மோசம் என்று உறைத்தது. கேமரா எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். வாரத்துக்கு 200 டாலர் என்று தேங்கி நின்ற வருமானம் இரட்டிப்பானது என்று அவர்களே பின்னால் சொல்லியிருக்கிறார்கள். கேமரா வாங்குங்கள் என்று மென்டார் சொல்லியிருந்தால் படம் மட்டும் மாறியிருக்கும், வாடிக்கையாளரைப் போய்ப் பார்க்கிற பழக்கம் வந்திருக்காது.

அப்புறம் பணம், பங்கு. மூன்று சந்திப்பிலேயே ஐந்து சதவீதப் பங்கு கேட்கிற மென்டாரும் உண்டு, தன் நண்பரின் சேவையையே வாங்கச் சொல்கிறவரும் உண்டு. போட்டி நிறுவனத்துக்கும் அவரே மென்டாராக இருப்பது தெரியாமல் விலைப்பட்டியலைத் திறந்து காட்டிவிட்டு முழிக்கிற நிறுவனரும் உண்டு. திட்டம் நடத்துகிறவர்கள் இதை வாய்வார்த்தையாக விடாமல் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது. சங்கடமாகத்தான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

எதை எண்ணுவது

பயிற்சியை எந்த அளவில் மதிப்பிடலாம் என்று அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பேட்ரிக் 1959-லேயே நான்கு படி சொல்லிவிட்டார்: பிடித்ததா, கற்றார்களா, நடந்துகொள்வது மாறியதா, பலன் வந்ததா. பெரும்பாலான திட்டங்கள் முதல் படியிலேயே நின்று குழுப் படம் எடுத்துக்கொள்கின்றன. இத்தனை பேருக்குப் பயிற்சி, இத்தனை மணி நேரம் மென்டரிங். நன்கொடை தருகிறவருக்கு அனுப்ப இந்த எண்கள் வசதியானவை என்பது புரிகிறது.

நான் பார்க்கிறவை வேறு. பில் போட்டு எத்தனை நாளில் பணம் வருகிறது, மொத்த வருமானத்தில் ஒரே கிளையன்டின் பங்கு எவ்வளவு, பழைய கிளையன்ட் திரும்பி வந்தாரா, உரிமையாளர் வாரத்தில் எத்தனை மணி நேரம் இன்னும் கோட் எழுதிக்கொண்டிருக்கிறார். தொடங்கும்போது ஒருமுறை, ஆறு மாதம் கழித்து ஒருமுறை, ஓர் ஆண்டில் ஒருமுறை. நான்கு எண்தான், எக்ஸெல் ஷீட்டில் ஒரு வரிக்குள் அடங்கிவிடும். ஆனால் நிறுவனங்கள் உண்மையான எண்ணைத் தர வேண்டுமே. தோற்றது தெரிந்தால் திட்டத்திலிருந்து நீக்கிவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் யாரும் தர மாட்டார்கள், எல்லாம் நன்றாகப் போகிறது என்ற ஒரே பதில்தான் வரும். நான் நிறுவனக்காரனாகப் போனபோது நானும் அதைத்தான் சொன்னேன். கிளையன்ட் ஒருவர் போய்விட்டதை மென்டாரிடம் மறைத்து, மூன்று சந்திப்பு முழுக்கத் தேவையில்லாத விஷயங்களைப் பேசி நேரத்தைக் கழித்தேன்.

முடிவுத் தேதி இல்லாமல் ஆரம்பிப்பதும் ஒரு தவறு, இதை யாரும் தவறாகவே நினைப்பதில்லை. இரண்டு பக்கமும் மரியாதைக்காக இழுத்துக்கொண்டே போவார்கள், மாதம் ஒருமுறை காபி, பொதுவாக நாலு பேச்சு. ஆறு மாதம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆறாவது மாதம் உட்கார்ந்து, தொடரலாமா என்று இரண்டு பேரும் தனித்தனியாக ஒரு சீட்டில் எழுதி நீட்டினால் போதும்.